ஆளோடு சேர்த்து அடித்த ரிவெட்

மூட்டை காலை இடிக்குதுங்களா தம்பி? மேல வைக்கலாம்னா கண்டக்டர் விடமாட்டேங்கறாரு. ஒண்ணு பண்ணுங்க, காலைத் தூக்கி அது மேலயே வெச்சுக்கங்க. ஒண்ணும் ஆகாது. அடி வாங்கறதுக்குன்னே செஞ்ச சாமான் அது.

என்னன்னு கேக்கறீங்களா? கவசங்க. ராஜாமாருங்க சண்டைக்குப் போறப்ப மாட்டிக்குவாங்களே, அந்தக் கவசம். சிரிங்க சிரிங்க, பரவால்ல. முதல்ல கேட்டப்ப நானும் சிரிச்சவன்தான். இப்பப் பாருங்க, ஞாயித்துக்கிழமை விடிஞ்சும் விடியாம பஸ் ஏறி இதைத் தூக்கிட்டுக் கோயமுத்தூர் போறேன்.

எனக்குக் கரூருங்க. பஸ்ஸுக்கு பாடி கட்டறது தொழிலு. வெறும் சேஸ் வரும், ஆறு சக்கரமும் இன்ஜினும் ஸ்டியரிங்கும் மட்டும் இருக்கும். பாத்தா பாவமா இருக்கும், துணியில்லாத ஆளாட்டம். அதுக்கு மேல கூடு கட்டி, தகடு போத்தி, ரிவெட் ஆணி அடிச்சு, மனுசன் ஏறி உக்கார்ற மாதிரி பண்ணி அனுப்பறது என் வேலை. படிப்பு அஞ்சாங்கிளாஸோட சரி. ஆனா காது இருக்குது பாருங்க, அது தப்பாவே கேக்காது. ஒரு வண்டி தெருமுனையில திரும்பறப்பவே எந்த இடத்துல தகடு லூசுன்னு சொல்லிப்போடுவேன்.

அந்தக் காதுதாங்க எல்லாத்துக்கும் காரணம். டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல, ஜன்னலோரமா, பச்சைத் துண்டு போட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, தெரியுதுங்களா? திரும்பிப் பாக்காதீங்க, மெதுவா பாருங்க. அவருதான் என் மச்சான். என் சம்சாரம் பாவாயிக்கு அண்ணன். நாச்சிமுத்துன்னு பேரு. பஸ்ஸுக்கு சீட்டு போடறவரு. என் ஷெட்டுக்கு மூணு கடை தள்ளி அவரு கடை. நான் பாடி, அவரு சீட்டு, ஒரு காலத்துல ரெண்டு பேரும் சேந்து கட்டாத வண்டி இல்லைங்க.

அப்புறம் முசிறிப் பக்கம் ஓடற ஒரு வண்டி கட்டினோம். வண்டின்னா வண்டி, மணப்பொண்ணாட்டம் இருந்துச்சு. ஓனரை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினோம். பாலத்து மேல ஏறினதும், கடகடகடன்னு ஒரு சத்தம். ஓனர் திரும்பி, "என்னங்கய்யா கடகடங்குது?"ன்னாரு.

நான் "சீட்டு"ன்னேன். அவரு "பாடி"ன்னாரு. ரெண்டு பேர் வாயும் ஒண்ணாத் தெறந்துச்சு.

"என் சீட்டுல ஒவ்வொரு போல்ட்டும் கையால முறுக்குனது"ங்கறாரு அவரு. "என் ரிவெட்டுல ஒரு நூல் போவாது"ங்கறேன் நான். "உன் வண்டிக்கு சீட்டு எதுக்கு மச்சான், உள்ள தொட்டில் கட்டித் தொங்க விடு, ஜனங்க ஆடிக்கிட்டே போகட்டும்"னாரு. "உன் சீட்டுல உக்கார்றதுக்கு நின்னுக்கிட்டே போலாம்"னேன். ஓனர் டீ சொல்லிட்டு வரேன்னு இறங்கினவரு, திரும்பி வரவே இல்லைங்க.

அன்னிக்கு நின்ன பேச்சு. தாரணி, என் பொண்ணு, அப்பத்தான் காலேஜ் சேர்ந்திருந்தா. அவ படிச்சு முடிச்சு, கோயமுத்தூர்ல வேலைக்குப் போயி, நிச்சயமும் ஆயிப்போச்சு, நாங்க பேசலை. டீக்கடைக்கு ரெண்டு பேரும் போவோம். அவரு இந்த பெஞ்சு, நான் அந்த பெஞ்சு. எனக்கு ஒண்ணும் அவரைப் பத்தி நினைப்பே இல்லைங்க. அன்னன்னிக்கு அவரு என்ன சட்டை போட்டிருந்தாரு, வடை தின்னாரா பஜ்ஜி தின்னாரான்னு கண்ணுல படும், அவ்வளவுதான்.

நிச்சயம் ஆனதும் வந்துச்சு பாருங்க வினை. பத்திரிகை அடிச்சு வந்தாச்சு. எங்க பக்கம் தாய்மாமனுக்குப் பத்திரிகையை ஆள்கிட்டக் குடுத்தனுப்பற பழக்கம் இல்லைங்க. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வெச்சு, நேர்ல போயி, பொண்ணைப் பெத்தவன் வாயைத் தெறந்து "நீங்க வந்துதான் நடத்தித் தரணும்"னு சொல்லணும். நான் சொன்னேன், "கூரியர்ல அனுப்பிக்கலாம், இப்பெல்லாம் அதுதான் நாகரிகம்." பாவாயி ஒரு பார்வை பாத்தா. தாரணி அதுக்கு மேல. "அப்பா, எங்க மாமா மாலை போட்டுக் கைபுடிச்சுக் கூட்டிட்டு வராம நான் மணையில உக்கார மாட்டேன். மண்டபத்து அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கங்க"ன்னா.

என்ன பண்றது? "பாக்கலாம்"னேன். பாக்கலாம் பாக்கலாம்னே நாள் போயிக்கிட்டிருந்துச்சு.

அதுக்கு நடுவுலதான் மாப்பிள்ளை இதைக் கொண்டாந்தாரு. பிரணேஷுன்னு பேரு, ஈரோட்டுப் பையன், கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை. தங்கமான புள்ளை. ஒருநாள் ஷெட்டுக்கு வந்தாரு, தகட்டையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் செல்லுல ஒரு வீடியோ காட்டினாரு. மூடிக் கிடக்கற ஒரு மில்லு காம்பவுண்டு. அதுக்குள்ள முப்பது நாப்பது பேரு, வாளும் கேடயமுமா ஓடி ஓடி அடிச்சுக்கறாங்க. நான் பதறிப் போயிட்டேன்.

"விளையாட்டு மாமா. வாளெல்லாம் பஞ்சுதான், குச்சியில ஃபோம் சுத்தியிருக்கும். ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு நாடு. நான் ஒரு கோட்டைக் காவலன்"னாரு.

"சம்பளம் வருதுங்களா?"

"சம்பளத்துக்குக் கம்பெனி வேற இருக்கு மாமா. இது லீவு நாள்ல."

அதுல ஒரு சட்டம் சொன்னாரு பாருங்க, எனக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. அடி பட்டுச்சுன்னா நடுவர் வந்து சொல்லமாட்டாராம். பட்டவனே கையைத் தூக்கி "பட்டுடுச்சு"ன்னு சொல்லிட்டு உக்காந்துக்கணுமாம். யாரும் பாக்காட்டியும் சரி, தானே ஒத்துக்கணும். நம்ம ஊருல எவனுங்க ஒத்துக்குவான்? என் மச்சானை அந்த விளையாட்டுல விட்டா பொழுது சாயற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பாரு.

மாப்பிள்ளைக்குக் கஷ்டம் என்னன்னா, எங்கிருந்தோ இரும்புக் கவசம் வரவழைச்சிருக்காரு. அதை மாட்டிக்கிட்டு ஓடினா மூச்சு வாங்குது, தோள்பட்டை ரெண்டும் தோல் உரிஞ்சு கிடக்குது. கூட்டாளி ஒருத்தன் டைட்டானியத்துல செஞ்சு வெச்சிருக்கானாம். விமானத்துக்குப் போடற உலோகமாம், இறகாட்டம் இருக்குமாம். "நமக்கு அதெல்லாம் கட்டுபடியாகாது மாமா. அலுமினியத்துல முடியுமா?"ன்னு கேட்டாரு.

முடியுமாவாம்! அலுமினியத்துலதாங்க என் முடியே நரைச்சது. அம்பது பேரைச் சுமக்கற பஸ்ஸையே போத்தறேன், ஒரு மாப்பிள்ளையைப் போத்த மாட்டனா?

தாரணி போன்ல சொன்னா, "அப்பா, ரெண்டு பக்கமும் தோல் வாரு வெச்சு பக்கிள் போடணும். வாரு மாமா கடையில இருக்குது, போயிக் கேளுங்க." அவ சூது எனக்குத் தெரியாதுங்களா? "வாரும் வேண்டாம், கீரும் வேண்டாம். எல்லாம் நானே பாத்துக்கறேன்"னுட்டேன்.

அலுமினியத்துல வளைவு எடுக்கறது லேசு இல்லைங்க. அப்படியே தட்டுனா பப்படமாட்டம் வெடிச்சுரும். துணி தொவைக்கற பார் சோப்பு இருக்குதில்ல, அதைத் தகட்டு மேல தேய்க்கணும். அடியில கேஸ் தீயைக் காட்டணும். சோப்பு கறுத்துச்சுன்னா தகடு பதத்துக்கு வந்திருச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு நிமிசம் காட்டுனா உருகி ஓடிரும். ஆறவிட்டு, மணல் மூட்டை மேல போட்டு, மரச்சுத்தியால தட்டுனா, சொன்ன பக்கம் திரும்பும். நெஞ்சுக்கு ஒரு தகடு, முதுகுக்கு ஒண்ணு, தோளுக்கு ரெண்டு. விளிம்பெல்லாம் கிழிக்காம சுருட்டி மடிச்சேன். பளபளன்னு தேச்சு வெச்சதும் பாவாயி அதுல பாத்து நெத்திப்பொட்டைச் சரி பண்ணிக்கிட்டா.

ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையை வரச் சொன்னேன். அன்னிக்கு மத்தியானந்தான் அவங்கம்மா ஈரோட்டுல இருந்து கார்ல வந்து, எங்களையும் கூட்டிக்கிட்டு முகூர்த்தப் பட்டு எடுக்கப் போறதா ஏற்பாடு. "அதுக்குள்ள முடிச்சுரலாம், வாங்க"ன்னு நிக்க வெச்சேன்.

நாங்க பஸ் கட்டறது எப்படிங்க? முதல்ல கூடு. கூட்டு மேல தகடு. தகட்டை ஒட்டிப் புடிச்சு ரிவெட். அதேதான் பண்ணுனேன். மாப்பிள்ளைதான் கூடு. கையைத் தூக்கச் சொல்லி, முன்தகடு, பின்தகடு, இடுப்போரம் ஒட்டிப் புடிச்சு, ஓரத்துத் தொளைக்கெல்லாம் பாப் ரிவெட், டக், டக், டக். இடது பக்கம் முடிஞ்சு, வலது பக்கம் முடிஞ்சு, தோளையும் கழுத்தோரமா இறுக்கிட்டேன். ஒரு நூல் சந்து இல்லை. தாரணி செல்லுல படம் புடிக்கறா. நான் எட்டி நின்னு பாத்தேன். ஆகா, நம்ம கையாங்க இதுன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு.

மாப்பிள்ளை குனிஞ்சு பாத்தாரு. அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு. "சூப்பர் மாமா. இதை எப்படிக் கழட்டறது?"ன்னாரு.

பஸ்ஸை யாருங்க கழட்டுவா?

பாவாயி கேட்டா, "ஏனுங்க, மாப்பிள்ளை மத்தியானம் பட்டுக்கடைக்கு இப்படியேவா வருவாரு?"

"தகடு வெட்டற கத்திரியால வெட்டிரலாம்"னேன். மாப்பிள்ளை ரெண்டு கையாலயும் நெஞ்சைப் பொத்திக்கிட்டாரு. "வேண்டாம் மாமா, அடுத்த வாரம் போர் இருக்கு!" சரி, ரிவெட் தலையை டிரில் போட்டு எடுக்கலாம்னு முதல் ரிவெட்டுல வெச்சேன். "மாமா, சுடுது, குத்துது!"ன்னு துள்ளறாரு. துள்ளாம என்ன பண்ணுவாரு, தகட்டுக்கும் பனியனுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையே. அந்தச் சந்துல கெட்டியாத் தோல் ஏதாச்சும் சொருகிப் புடிச்சாத்தான் டிரில் முனை உள்ள போயி மேல படாது.

தோலு எங்க இருக்குதுன்னு யாரும் சொல்லலைங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் டிரில்லைப் பாத்தேன்.

தாரணி அதுக்குள்ள போன்ல பேசிக்கிட்டிருக்கா. "மாமா, சீக்கிரம் வாங்க. எங்கப்பா இவரை டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டாரு. ஆமா மாமா, உயிரோடதான்."

மூணு கடை தானுங்களே. வந்துட்டாரு. கையில சீட்டுத் தோலு, ரெக்சினை இடுக்குல சொருகறதுக்குன்னு வெச்சிருப்பாங்களே ஒரு மரப்பட்டை, அதுவும். என்னைப் பாக்கலை. நானும் பாக்கலை. மாப்பிள்ளை மரியாதைக்கு ரெண்டு எட்டு முன்னாடி வந்து, "வாங்க"ன்னு கும்பிட்டாரு.

கடகடகடன்னு ஒரு சத்தம்.

மச்சான் நின்னுட்டாரு. தலையை ஒருமாதிரி சாய்ச்சாரு. "மாப்ளை, இன்னொருக்கா நடங்க"ன்னாரு. நடந்தாரு. கடகடகட. தாரணி என்னைப் பாக்கறா. பாவாயி கூரையைப் பாக்கறா. மச்சான் மீசைக்குள்ள ஒரு சிரிப்பு சிரிச்சாரு. என்னமோ சொல்லப் போறாருன்னு நானும் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். "நடை நல்லா இருக்குது"ன்னாரு. அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு நடை அப்படிங்க. கொஞ்சம் குலுங்கி நடப்பாரு. அதுல போயி சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலை.

வேலையை ஆரம்பிச்சோம். மாப்பிள்ளை கையைத் தூக்கிக்கிட்டு நடுவுல நிக்கறாரு. இந்தப் பக்கம் நான் டிரில்லோட முட்டி போட்டிருக்கேன். மச்சான் அக்குள் வழியா மரப்பட்டையில தோலைச் சுத்தி உள்ள விட்டு, ரிவெட்டுக்கு அடியில புடிச்சுக்கறாரு. அவரு மூச்சு என் காதுல படுது, அவ்வளவு பக்கம்.

"மாப்ளை, அங்க நிக்கறவருகிட்டச் சொல்லுங்க, தோலைக் கொஞ்சம் கீழ இறக்கச் சொல்லி."

"மாப்ளை, இங்க இருக்கறவருகிட்டச் சொல்லுங்க, இறக்கியாச்சுன்னு."

"மாப்ளை, சாஞ்சு போயிருக்குதுன்னு சொல்லுங்க."

"மாப்ளை, சாஞ்சிருக்கறது டிரில்லுன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை பாவம், முதல்ல ஒவ்வொண்ணையும் எடுத்துச் சொல்லிக்கிட்டிருந்தாரு. அப்புறம் கையும் வலிச்சு வாயும் வலிச்சு, "ரெண்டு பேருக்கும் நல்லாத்தானே காது கேக்குது?"ன்னுட்டாரு.

இடது பக்கம் கழண்டுச்சு. வலது பக்கத்துல கடைசி ரிவெட்டு, விலா எலும்புக்கு நேரா. நான் அழுத்தறேன், முனை வழுக்கி, தகட்டு மேல கீச்சுன்னு ஒரு கோடு இழுத்துக்கிட்டு நேரா அவரு விரலுக்குப் போகுதுங்க.

"மச்சான், கை!"ன்னு கத்திட்டேன்.

"எடுத்துட்டேன் மச்சான்."

டிரில்லு நின்னுபோச்சு. நான் அவரு கையைப் புடிச்சுப் பாத்தேன். விரலெல்லாம் சரியா இருந்துச்சு. எண்ணிப் பாத்தேன், புரட்டிப் பாத்தேன். அவரு கையை இழுத்துக்கவே இல்லை. பாவாயி முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டா. அலுமினியத் தூள் கண்ணுல விழுந்திருக்கும், ஷெட்டுக்குள்ள வராதன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்.

மச்சான் எந்திரிச்சு, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, தாரணியைப் பாத்து, "கேட்டியா சாமி? முதல்ல பேசினது உங்கப்பன்"னாரு.

அது எப்படிங்க பேச்சாகும்? நீங்களே சொல்லுங்க தம்பி. மாடு குறுக்க வந்தா "ஏய்"ங்கறோம், அது மாட்டோட பேசினதா ஆயிருமா? நான் விரலுக்குச் சொன்னேன். விரலுக்குச் சொந்தக்காரருக்கு இல்லை. இதைத்தான் அவருகிட்டச் சொல்லலாம்னு வாயைத் தெறக்கறேன், வாசல்ல கார் வந்து நிக்குது. மாப்பிள்ளையோட அம்மா.

அந்தம்மா உள்ள வந்து பாத்தாங்க. பையன் பாதித் தகட்டுல நிக்கறான். கீழ ரெண்டு கிழவனுங்க எண்ணெயும் தூளுமா இருக்கறோம். அவங்க பையனைப் பத்தி ஒண்ணும் கேக்கலைங்க, பழகிப்போச்சு போல. மச்சானைக் காட்டி, "இவரு யாரு சம்பந்தி?"ன்னாங்க.

எல்லாக் கண்ணும் என் வாயில. சபைன்னு ஒண்ணு இருக்குதுங்களே, அங்க போயி யாரோ சீட்டுக் கடைக்காரர்னா சொல்ல முடியும்?

"பொண்ணுக்குத் தாய்மாமன்"னேன்.

"மாமனா! அப்ப சேலையெடுக்க இவரும் வந்தாகணுமே?"

"வராம? அவருதானுங்களே கல்யாணத்தையே நடத்தித் தரணும்"னேன். வாய் தானா சொல்லிருச்சு. தாம்பாளம் இல்லை, வெத்தலை இல்லை, கையில டிரில்லு. மச்சான் அந்தம்மாவைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு. "மூஞ்சி கழுவிட்டு வந்தர்றனுங்க"ன்னு சொல்லிட்டு, என் ஷெட்டுக் குழாயிலயே போயிக் கழுவினாரு. என் துண்டுலயே தொடைச்சாரு. தன் தோள்ல பச்சைத் துண்டு தொங்குது, பாத்துக்கங்க.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சுங்க. மாலை போட்டு, கையைப் புடிச்சு, மணைக்குக் கூட்டிட்டு வந்தாரு. மணப்பொண்ணை விட அவருதான் அதிகமா வெக்கப்பட்டாரு.

கவசத்துக்கும் அவரே பக்கிள் வெச்சு வாரு தெச்சுக் குடுத்தாரு. தகடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்கார்ற இடத்துல, நான் கேக்காமலே, சீட்டுக்கு அடியில போடற கம்பளித் துண்டை வெட்டி ஒட்டிட்டாரு. அதுக்கப்புறம் போட்டு நடந்தா ஒரு சத்தம் இல்லை. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை நடையைத் திருத்திக்கிட்டாருன்னு நினைக்கறேன். பொறுப்பு வந்துருதில்லைங்க.

கல்யாணத்துக்கு அப்புறம் வந்த ஒரு போரைப் பாக்கப் போனோம், நானும் மச்சானும். மில்லுச் சுவத்தோரம் ஒரே கல்லு மேல உக்காந்தோம், வேற நிழல் இல்லை. மாப்பிள்ளை அந்தக் கவசத்துல மானாட்டம் ஓடறாரு. டைட்டானியக்காரன் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கறான். நாலு பேரு சூழ்ந்துக்கிட்டாங்க, புழுதி, யாருக்கும் ஒண்ணும் தெரியலை. முதுகுப் பக்கம் மெத்துன்னு ஒரு அடி. எனக்குத்தான் கேட்டுச்சு. ஒரு ஜீவன் பாக்கலைங்க. தப்பிச்சுருக்கலாம். ஆனா மாப்பிள்ளை கையைத் தூக்கி, "பட்டுடுச்சு!"ன்னு சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. எப்பேர்ப்பட்ட புள்ளை!

பக்கத்துல மச்சான் என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. எதுக்குப் பாத்தாருன்னு தெரியலை.

இப்ப அவங்க கூட்டத்துல இன்னும் நாலு பேரு கேட்டிருக்காங்க. நான் தகடு கொண்டு போறேன், அவரு வாரும் கம்பளியும் கொண்டு போறாரு. அங்க போயி ஆளுக்கு மாட்டி அளவு பாத்துச் சேக்கணும். ஏன் தள்ளித் தள்ளி உக்காந்திருக்கறோம்னு கேக்கறீங்களா? யாரு முதல்ல பேசினதுன்னு இன்னும் முடிவாகலைங்களே. இந்தாங்க, இந்த முறுக்குப் பொட்டலத்தை முன்னாடி அவருகிட்டக் குடுக்கச் சொல்லுங்க. பாவாயி குடுத்ததுன்னு சொல்லச் சொல்லுங்க. அவருக்கு எள்ளு முறுக்குதான் புடிக்கும், நான்தான் தனியா எடுத்து வெச்சேன். அதைச் சொல்ல வேண்டாம்.

பொறுங்க, பொறுங்க. கேக்குதா? கடகடகடன்னு. பாலம் ஏறினதும் வருது பாருங்க. அதே சத்தம்! யாரு கட்டின வண்டியோ, என்ன வண்டியோ, எனக்குச் சந்தேகமே இல்லை. சீட்டு!

"ஏனுங்க மச்சான்! கேக்குதா? சீட்டு!"

பாத்தீங்களா, பாத்தீங்களா? திரும்பினாரு. என்னைப் பாத்தாரு, நம்ம காலடியைப் பாத்தாரு. இப்ப என்ன பண்றாரு பாருங்க, கையைத் தூக்கறாரு! அந்தப் புள்ளைங்க தூக்கற மாதிரியே தூக்கி, "பட்டுடுச்சு"ங்கறாரு! அப்படியே சீட்டுல சறுக்கி உக்காந்துட்டாரு! இத்தனை வருசம் கழிச்சு ஒத்துக்கிட்டாருங்க. பெரிய மனசு. அவரு பெரிய மனசுக்காரருன்னு நான் எப்பவும் சொல்லுவேன்.

என்னங்க தம்பி? என்ன, மூட்டையா? நீங்க காலை எடுத்தாச் சத்தம் வருது, வெச்சா நின்னுருதுங்கறீங்களா?

அதெல்லாம் ஒண்ணும் இல்லை. நீங்க காலை வெச்சுக்கங்க.